சங்குப் பூண்

மாரியூர்க் கடற்கரையிலிருந்து ஒரு வண்டி மணல் வந்து எங்கள் வீட்டு முற்றத்தில் இறங்கிய அன்று தெருவே வாசலில் கூடிவிட்டது. வீடு கட்டப் போகிறீர்களா என்று சிலர் கேட்டார்கள். கடல் மணலில் யாரும் வீடு கட்டுவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். என் தம்பி பூமிநாதன் தூணைப் பிடித்தபடி நின்று, எந்த மூலையில் கொட்ட வேண்டும், எவ்வளவு தூரத்துக்குப் பரப்ப வேண்டும் என்று வண்டிக்காரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். மணலை அடுத்து, கண்மாயிலிருந்து எடுத்துவந்த களிமண் ஒரு திட்டாகக் குழைந்து கிடந்தது. அதை அடுத்து உடைகல். எங்கள் அய்யா ஊரைக் கூட்டி வழக்குத் தீர்த்த முற்றம் அது. அவருக்குப் பிறகு ஒரு துரும்பு கிடக்கவிடாமல் நான் காத்துவந்த முற்றம்.

"அக்கா, கோவமா இருக்கீகளா?" என்றான் தம்பி. நான் நின்ற இடம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"கோவமில்ல. இந்த மண்ணு உள்வீட்டுக்கு வந்துச்சுன்னா அப்பச் சொல்றேன்."

சாயல்குடிக்கு வடக்கே உள்ள எங்கள் ஊரில் இந்தக் குடும்பத்துக்கு ஒரு நடை உண்டு. கண்மாய் நிறைந்த வருஷம் அறுப்பு முடிந்து மாசியில் அய்யனாருக்குப் புரவியெடுப்பு நடக்கும். வேளார் செய்து கொடுத்த மண்குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் மொத்தமும் கண்மாய்க்கரை வழியாகக் கோயிலுக்குப் போகும். முதல் குதிரைக்கு முன்னால் எங்கள் வீட்டு ஆண்மகன் ஒருவன் தனியாக நடந்து போக வேண்டும். அவனுக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாது. அவன் மேல் யார் கையும் படக் கூடாது. அப்படிப் போய்ச் சேருகிறவனுக்குத்தான் கோயிலில் பரிவட்டம். ஜமீன் போனதோடு எங்கள் மானிய நிலமும் போயிற்று. உழவு மாடுகள் பாதியாயின. அந்த நடை ஒன்றுதான் குறையாமல் மிஞ்சியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைசூரி வந்தபோது அது தம்பியின் பெண்சாதியைக் கொண்டுபோயிற்று, அவனுடைய இரண்டு கண்களையும் கொண்டுபோயிற்று. நான் தாலி அறுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்து பல வருஷங்களாகிவிட்டன. வைசூரிக்குப் பிறகு அந்த வீட்டில் நானும் அவனும்தான். கண் போன வருஷமும் அடுத்த வருஷமும் மழை இல்லை. கண்மாய் நிறையவில்லை, புரவியெடுப்பும் இல்லை. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை வரைக்கும் விடவில்லை. கண்மாய் நிரம்பி மறுகால் போயிற்று. ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போது மாசியில் வரப்போகிற நடைதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் பரம்பரையாக ஒரு கருங்காலிக் கம்பு இருக்கிறது. தலையில் வெள்ளிப் பூண். நடக்கிறவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவான். அது தரையைத் தொடாது. ஊன்றி நடப்பது கைத்தாங்கல் தேவைப்படுகிறவர்களுக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆனாலும் தண்ணீர் வந்துவிட்ட பிறகு நானே அந்தக் கம்பைத் துடைத்து எடுத்துவந்து, ஊன்றிப் பழகு என்று தம்பி கையில் கொடுத்தேன். அவனும் மறுக்காமல் கரைக்குப் போனான். கரையின் நடுவில் மடை இருக்கிறது. அங்கே மண் பாதை முடிந்து, தண்ணீர் பாயும் வாய்க்கு மேலே கல்பலகை போட்டிருக்கும். பலகைக்கு இரண்டு பக்கமும் பிடிமானம் கிடையாது. இடுப்பளவுக் கம்பு, காலுக்கு முன்னால் ஒரு அடி கூடப் போகாது. அது கல்லைத் தொட்டபோது காலும் கல்லில் இடித்திருந்தது. தம்பி கண்மாய்க்குள் சரிந்தான். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் தூக்கிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே எங்கள் சித்தப்பா மகன் வீரபத்திரன் வந்தான். அவனும் எங்கள் பங்காளி, எங்கள் ரத்தம். முறை கேட்க அவனுக்கு உரிமை உண்டு. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

"அண்ணன் கெட்டிக்காரர்தான்க்கா. ஆனா ஊரு முன்னால அவுகளை இன்னொரு தடவ சேத்துல பாக்கணுமா? நான் அவுக கையப் பிடிச்சுக் கூட்டிப் போறேன். அண்ணனுக்கும் போன மாதிரி இருக்கும்."

"கையப் பிடிச்சா நடை ஓன் வீட்டுக்கு வந்துரும். அதயும் சேத்துச் சொல்லு."

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கு மறுவாரம்தான் தம்பி தனக்குப் பழக்கமான இரண்டு பேரை வீட்டுக்கு வரவழைத்தான். முன்னொரு நாள் ராமநாதபுரத்து ஆஸ்பத்திரிக்கு மதுரையிலிருந்து ஒரு கண் டாக்டர் வந்திருந்தபோது, அவனுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னாராம். வெளியே வந்து, உங்களுக்கு என்ன சொன்னார், உங்களுக்கு என்ன சொன்னார் என்று விசாரித்து, கடைசியில் மூவரும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் பிடித்த பழக்கம். ஒருவர் கீழக்கரை ஹமீது சுல்தான். இளவயதில் சங்கு குளித்தவர். பார்வை முழுக்கப் போன பிறகும் ஒரு வியாபாரியிடம் கையால் தடவியே சங்கைத் தரம் பிரித்துக்கொடுக்கிறவர். இன்னொருத்தி வாலிநோக்கத்து உப்பளத்தில் வேலை செய்கிற முத்தழகு. வருஷக்கணக்காக உப்பு வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து அவள் கண் மங்கிவிட்டது. நிழலும் வெளிச்சமும் மட்டும் மிச்சம்.

ஹமீது சுல்தான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "தங்கச்சி, உள்ள வரலாமா?" என்று கேட்டார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட எங்கள் ஊரில் ஆளே கிடையாது. "வாங்க பாய்" என்றேன்.

மூவரும் சேர்ந்து தங்களுக்கென்று புதிய கம்பு செய்து பார்ப்பதென்று முடிவு செய்தார்கள். அதைச் செய்ய வந்தவர் எங்கள் ஊர்க் கூத்தையா ஆசாரி. நல்ல வேலைக்காரர், ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் அதை மூச்சாகப் பிடித்துக்கொள்கிறவர். அவர் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு எங்கள் முற்றத்தில் மூன்று சுற்றுச் சுற்றினார். அந்த அனுபவத்தை வைத்து ஒரு கம்பு செய்து கொண்டுவந்தார். வைரம் பாய்ந்த கருவேலம். கையளவு பருமன். அடியில் இரும்புப் பூண். முத்தழகு அதை ஒரு கையால் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை, இரண்டு கையாலும் தூக்கினாள்.

"இது கம்பா, ஒலக்கையா ஆசாரி? இந்த ஆத்தாகிட்ட நெல்லு வாங்கிட்டு வாங்க, குத்தித் தந்துட்டுப் போறேன்."

"நானும் கண்ணக் கட்டிக்கிட்டு நடந்து பாத்துத்தான செஞ்சேன்?" என்றார் ஆசாரி, முகம் சுருங்கி.

ஹமீது சுல்தான் அவரைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார். "அதுல ஒண்ணும் தப்பில்ல ஆசாரி. கண்ணக் கட்டுனதும் நீங்க விழுந்துருவோமோன்னு பயந்திருக்கீக. பயந்தவனுக்கு ஊன்றக் கம்பு வேணும். நாங்க அந்தப் பயத்த எப்பவோ எறக்கி வச்சிட்டோம். எங்களுக்கு முன்னாடி போய்ப் பாத்துட்டு வந்து சொல்ற கம்பு வேணும்."

ஆசாரி அந்தக் கம்பை எடுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "அப்ப நீளமா, இல்ல லேசா? எது மொதல்ல?" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அந்த நேரத்தில்தான்.

அதற்குப் பிறகுதான் அந்த மணல் வண்டி வந்தது. நடை கண்மாய்க்கரையில்தானே, மணல் எதற்கு என்று நான் கேட்டேன். "எனக்கு மட்டும் செஞ்சா அது எனக்கு மட்டுந்தான் ஆகும்க்கா," என்றான் தம்பி. "ஹமீது அண்ணன் மணல்ல நடக்குறவரு. முத்தழகு உப்புல நடக்குறவ. அவுகளுக்கு எது ஆகாதுன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு எது ஆகும்னு தெரியும்." எனக்கு அது அப்போது முழுதாக விளங்கவில்லை. ஆனால் அவன் குரல் அய்யா வழக்குத் தீர்க்கும்போது பேசுகிற குரலாக இருந்தது. கண் போன பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. மணல் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்கழியும் தையும் அப்படியே போயின. சந்தை நாளை ஒட்டி அவர்கள் இருவரும் வண்டி பிடித்து வருவார்கள். முற்றத்துச் சுவரில் கம்புகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். கருவேலம் போய், உள்ளே பொள்ளலான மூங்கில் வந்தது. மூங்கில் லேசு, அடியில் பட்ட சத்தத்தை மேலே கொண்டுவந்து கொடுத்தது. இடுப்பளவு போய் மார்பளவு வந்தது. அப்படி நீண்ட பிறகுதான், ஒரு காலடி எடுத்துவைப்பதற்கு முன்பே அந்த இடம் எப்படி இருக்கிறதென்று தெரிந்தது. நுனிதான் யாருக்கும் பிடிபடவில்லை. இரும்பு மணலில் புதைந்தது. கல் இடுக்கில் சிக்கிக்கொண்டு நடக்கிறவனின் வயிற்றில் குத்தியது. மாட்டுக்கொம்பு தேய்ந்தது. கொட்டாங்கச்சி பிளந்தது. ஒவ்வொன்று தோற்கும்போதும் அவர்கள் மூவரும் வருத்தப்படாமல் சிரிப்பதைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருக்கும். தோற்றதைக் கையில் வாங்கி, எங்கே தேய்ந்தது, எங்கே பிளந்தது என்று மூன்று பேரும் விரலால் மாறி மாறிப் பார்ப்பார்கள். கம்பின் மேல் ஆறு கைகள். அதில் எந்தக் கை என் தம்பியுடையது என்று எனக்கே சில சமயம் தெரியாது.

ஒரு நாள் ஹமீது சுல்தான் ஒரு சாக்கில் கழிவுச் சங்குகளைக் கொண்டுவந்து போட்டார். பூச்சி அரித்தது, விலைக்குப் போகாதது. அதன் அடித்தடிப்பை மட்டும் அறுத்தெடுத்து, பாதி எலுமிச்சம்பழம் மாதிரி வழவழப்பாக உருட்டச் சொன்னார். ஆசாரி இரண்டு அரத்தைத் தேய்த்துத் தீர்த்து அதைச் செய்தார். மூங்கில் நுனியில் பொருத்தி மணலில் வைத்தார்கள். அது புதையாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. களிமண்ணில் மெத்தென்று நின்றது. கல்லில் தெளிவாகச் சத்தம் கேட்டது. தம்பி அதைக் கல்லிலிருந்து மணலுக்கும் மணலிலிருந்து கல்லுக்கும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

முத்தழகுக்கு மட்டும் திருப்தியில்லை. "உப்புல வெள்ளச் சங்க வச்சா எனக்கு எங்கன தெரியும்? கொஞ்சூண்டு பார்வை மிச்சம் கெடக்குல்ல. அத ஏன் வீணாக்கணும்? என்னுதக் கருப்பாக்கித் தாங்க." தோணிக்குப் பூசுகிற கீலைக் காய்ச்சி அவளுடைய நுனியில் மட்டும் பூசினார்கள். அவளுக்கும் மற்ற இருவருக்கும் இன்னொரு வழக்கும் இருந்தது. தம்பியும் ஹமீது சுல்தானும் கம்பைக் காதால் கேட்கிறவர்கள். அவள் அப்படியில்லை. "உப்பளத்துல காத்து ஊளையிடும். எதக் கேக்குறது? எனக்கு உள்ளங்கைதான் சொல்லும்." ஆசாரி பிடியில் வசதிக்காகத் துணி சுற்றியிருந்தார். அவள் தன் கம்பில் அதைப் பிரித்துப் போட்டுவிட்டாள். "துணி சுத்துனா கம்பு ஊமையாப் போகும்," என்றாள். தம்பி தன் கம்பில் அதை விட்டுவைத்தான்.

வீரபத்திரன் இதையெல்லாம் கேள்விப்படாமல் இருப்பானா? தை முடிகிற சமயத்தில் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"என்னக்கா, வீட்டுக்குள்ளயே கடலைக் கொண்டாந்துட்டீக?"

"நீ குளிக்கவா வந்த?"

பெரியவர்கள் வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டார்கள். அவன் விடவில்லை. "சங்கு சாவுக்கு ஊதுறது. அத அய்யனார் நடையில கொண்டு போலாமா? அதுவும் தரையில தேச்சுக்கிட்டு?"

உண்மையைச் சொன்னால் அந்த உறுத்தல் எனக்கும் இருந்தது. பூஜையில் வைக்கிற பொருள் மண்ணில் படலாமா என்று. ஹமீது சுல்தான் மணலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். குரல் வந்த பக்கம் திரும்பி, "தம்பி, கடலுக்குள்ள அது தரையிலதான் கெடக்கு. நான் எடுத்திருக்கேன்ல," என்றார்.

பெரியவர்களில் ஒருவர் தலையை ஆட்டினார். வீரபத்திரன் கடைசி அம்பையும் விட்டான். "சரி. முன்னால எதுவும் போகக் கூடாதுன்னு முறை. இவ்வளவு நீளக் கம்பு அண்ணனுக்கு முன்னாலல்ல போகுது?"

அதற்கு நான்தான் பதில் சொன்னேன். "கம்பு யாரு கையில இருக்கு? அது எங்க வீட்டுக் கை. கையி எம்புட்டுத் தூரம் நீளுதோ அம்புட்டுத் தூரமும் எங்க வீடுதான்."

பெரியவர்கள் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து முடிவு சொன்னார்கள். கருங்காலிக் கம்பு முறைப்படி இடது கக்கத்தில் இருக்க வேண்டும். வலது கையில் எதை வைத்துக்கொண்டாலும் சரி. பிறத்தியார் கை பட்டால் அந்த நிமிஷமே நடை வீரபத்திரன் வீட்டுக்கு. மேளக் கொட்டும் ஒருமுறை புறப்பட்டால் கோயில் போய்ச் சேரும் வரை நிற்கக் கூடாது. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பிறகு தம்பி கரையில் பழகினான். ஊர் எழுந்திருப்பதற்கு முன்னால், சத்தமில்லாத நேரமாகப் பார்த்துப் போவான். ஹமீது சுல்தான் வந்திருக்கும் நாட்களில் அவரும் கூடப் போவார். மடைக்குக் கிட்டே மண் கெட்டிப்படும், பிறகு கல், பலகைக்கு மேலே போகும்போது அடியில் வெற்றிடம் இருப்பதால் கும்மென்று ஒரு சத்தம் என்று இருவரும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். அவன் ஒரு தடவைகூடத் தவறவில்லை. எங்களில் ஒருவருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து புரவியெடுப்புக் கொட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அது எங்களுக்கு ஒரு சத்தமாகவே இருந்ததில்லை.

மாசியில் நாள் வந்தது. அன்று காலை நான் தம்பியின் மூங்கில் கம்பை எடுத்து, பிடியில் இருந்த ஆசாரியின் பழந்துணியை நீக்கிவிட்டு, அரக்குப் பட்டில் ஒரு கீற்றுக் கிழித்து இறுக்கமாகச் சுற்றினேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. எங்கள் வீட்டு மனிதன் ஊர் முன்னால் வெறும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு புறப்பட முடியாது.

புறப்பாட்டில் நான் கலந்துகொள்கிற வழக்கமில்லை. மடைக்குக் கீழே, வயல் பக்கம் நிற்கும் புளிய மரத்தடியில் நின்று பார்ப்பேன். அன்று என்னோடு ஹமீது சுல்தானும் முத்தழகும் நின்றார்கள். தூரத்தில் கரை வளைவில் முதலில் தம்பிதான் வந்தான். வெள்ளை வேட்டி, இடது கக்கத்தில் கருங்காலி, வலது கையில் மூங்கில். சங்கு நுனி தரையில் இடமும் வலமும் ஒரே அளவில் போய்வந்துகொண்டிருந்தது. பின்னால் செம்மண் பூசிய குதிரைகள், தோள்களின் மேலே தலையாட்டிக்கொண்டு வந்தன. அவன் முதுகு வளையவில்லை. கழுத்து முன்னால் நீளவில்லை. எங்கள் அய்யா நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவரும் இப்படித்தான் நடந்தார், ஆனால் அவருக்குக் கண் இருந்தது.

மடைக்குச் சற்று முன்னால் கொட்டுக்காரர்கள் வழக்கப்படி அடியை மாற்றினார்கள். உறுமியும் தவிலும் சேர்ந்து எழுந்தன. வேட்டு வெடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அந்த இடத்தில் தம்பி நின்றுவிட்டான்.

ஹமீது சுல்தானின் முகம் சட்டென்று மாறியது. "யா அல்லா," என்றார். "கொட்டு. தங்கச்சி, அவருக்குக் கம்பு கேக்கல."

நான் மேலே பார்த்தேன். தம்பி கம்பைத் தட்டினான். தலையைச் சாய்த்தான். மறுபடியும் தட்டினான். அவன் காலுக்கு முன்னால் மண் முடிகிற இடம் எனக்குத் தெரிந்தது. அதற்கப்பால் கல்பலகை, பலகைக்கு அந்தப் பக்கம் பெருகிக் கிடக்கிற தண்ணீர். முதல் குதிரையைத் தூக்கியிருந்தவர்கள் பின்னால் வந்து நின்று, பாரத்தைத் தோள் மாற்றினார்கள். வீரபத்திரன் குதிரைக்குப் பக்கத்திலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்தான். அவன் கை பாதி நீண்டிருந்தது. கொட்டை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எனக்கும் இல்லை.

முத்தழகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நின்னுட்டாகளா ஆத்தா? துணி இருக்கா கையில? பிடியில துணி இருக்கா?"

"பட்டு," என்றேன். "நான்தான் சுத்துனேன்."

"அவுக்கச் சொல்லுங்காத்தா!" என்று அவள் கத்தினாள். அது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

மேலே தம்பி அசையாமல் நின்றான். பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவன் போல, கருங்காலியைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டு இடது கையின் விரல்களை வலது கைக்குக் கொண்டுபோனான். அவசரமே இல்லை. ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, பட்டின் முடிச்சைத் தேடி எடுத்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தான். பட்டு அவன் காலடியில் விழுந்தது. வெறும் மூங்கிலை உள்ளங்கையில் வைத்து விரல்களை மெதுவாக மூடினான். நுனி மண்ணில் ஊர்ந்தது. மண் முடிகிற இடத்தில் நின்றது. கல்லைத் தொட்டது. இடது ஓரம் போய் விளிம்பைத் தடவிவிட்டு வந்தது. வலது ஓரம் போய்த் தடவிவிட்டு வந்தது. இப்போது அவன் தலை சாயவில்லை. நிமிர்ந்திருந்தது. வீரபத்திரனின் நீண்ட கை கீழே இறங்கியதை நான் பார்த்தேன். தம்பி பலகையில் காலை வைத்தான்.

"போறாரா?" என்றார் ஹமீது சுல்தான்.

"போறான்," என்றேன்.

பலகையைத் தாண்டி அவன் அந்தப் பக்கத்து மண்ணில் இறங்கினான். குதிரைகள் ஒவ்வொன்றாகத் தாண்டின. பிறகு ஆட்களும் புழுதியும் அவனை மறைத்துவிட்டன. கோயில் இன்னும் தூரத்தில் இருந்தது. நடுவே கரை ஒரு தடவை வளைகிறது, கோயில் முகப்பில் மணல். நாங்கள் மூவரும் கரைமேல் ஏறினோம். முத்தழகு முன்னால் போனாள். அவளுடைய கருப்பு நுனி தரையில் எதையோ தொட்டு நின்றது.

"என்னமோ மெத்துன்னு கெடக்கு ஆத்தா."

ஊர் மொத்தமும் அதை மிதிக்காமல் ஒதுங்கிப் போயிருந்தது. அவள் குனியவில்லை. கம்பின் நுனியால் அதைச் சுருட்டித் தூக்கி, என் பக்கமாக நீட்டினாள். கீல் பூசிய சங்கின் மேலே அரக்குப் பட்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. முன்னால், புழுதிக்கு அப்பால், கொட்டு இன்னும் நிற்கவில்லை.